இசைத்தட்டுச் செல்வமும் கேள்விச் செல்வமும்

கொடுக்குந்தோறும் குறையாத செல்வம் கல்வி என்பர் ஆன்றோர். இசையும் அத்தகையதே. கல்விக்கு ஓரதிகாரம் வகுத்த திருவள்ளுவர் கேள்விக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தமை, செவிவழிப் பேற்றின் பெருமையை அவர் நன்கு உணர்ந்தமையாலேயாம். செவியாற் பெறும் இச்செல்வத்தைக் கையாற் பற்றவும், காசு கொடுத்து வாங்கவும், பேழையில் அடுக்கி வைக்கவும் இடந் தந்தது இசைத்தட்டு. இசையன்பர் சிலர் ஓரிடத்திற் கூடி, தாம் புதிதாக வாங்கிய தட்டுக்களை ஒருவர்க்கொருவர் காட்டியும் கேட்பித்தும் மகிழும் வழக்கம் இதனாற் பிறந்தது. இது வெறும் பொழுதுபோக்கோ, இசையறிவுக்கு ஆக்கந் தருவதோ என்பது ஆராய்தற்குரியது.

எடிசன் 1877 ஆம் ஆண்டில் ஒலியைப் பதியும் பொறியைக் கண்டார். பேளினர் 1887 இல் தட்டையான வட்டிற் பதியும் முறையை வகுத்தார். கெய்ஸ்பேக் என்பார் 1902 இற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். 1908 இல் அந்நகரிலேயே தட்டுத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பின்னர்த் தென்னாட்டு இசைவாணர் பலரின் தட்டுக்கள் தமிழர் இல்லங்களிற் புகுந்தன. அவை அரக்குச் சேர்த்துச் செய்யப்பட்டவை. தவறி வீழ்ந்தால் உடையுந் தன்மையன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஒலிக்கும்.

இம்மூன்று நிமிட வரையறை கருநாடக இசையின் உருவையே ஓரளவு மாற்றிற்று எனல் மிகையன்று. கச்சேரியில் விரிந்து செல்லும் ஆலாபனை சில நொடிகளாகச் சுருங்கியது. நிரவலும் கற்பனைச் சுரமும் பெரும்பாலும் இடமிழந்தன. தனியாவர்த்தனம் அறவே நீங்கிற்று. எனினும் இழப்பொன்றையே கூறி அமைதல் நடுநிலையாகாது. சுருக்கத்துள் அழகைக் காட்டும் ஆற்றலையும் இவ்வரையறை வளர்த்தது. ஒரு தோடியை மணிக்கணக்கில் விரிக்க வல்லவர் எனப் புகழ்பெற்ற திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956), அவ்விராகத்தின் உயிரைச் சில நிமிடங்களில் அடக்கித் தந்த நாதசுரத் தட்டு இதற்குச் சான்றாகும்.

தட்டின் தலையாய நன்மை, மறைந்த குரலை மறையாது காத்தல். நாடகமேடையை ஆண்ட கிட்டப்பா 1933 இல், முப்பது வயதும் நிரம்பாத நிலையில் மறைந்தார். வீணை தனம்மாள் 1938 இல் மறைந்தார். இவர்தம் இசையைப் பிற்காலத்தார் செவியாரக் கேட்டது தட்டுக்களின் துணைகொண்டேயாம்.

ஆயினும் இந்நன்மைக்குள்ளேயே ஒரு கேடும் உறைகின்றது. கருநாடக இசையின் உயிர்நிலை மனோதர்மம். ஒரு வித்துவான் நேற்றுப் பாடிய கல்யாணியை இன்று அவ்வாறே பாடுதல் இல்லை. தட்டோ ஒரு நாளின் ஒரு கணத்து உதித்த கற்பனையை என்றும் மாறாததாக்கி விடுகின்றது. ஒரே தட்டை நூறு முறை கேட்டவன், அதில் உள்ளதே அவ்விராகத்தின் இலக்கணம் என மயங்குகின்றான். பிறர் வேறு வழியிற் செல்லும்போது அதனைப் பிழை என்கின்றான். கேள்வி மிகுந்தும் அறிவு குறுகும் விந்தை ஈண்டு நிகழ்கின்றது.

இக்கேட்டுக்கு மருந்து தட்டை ஒதுக்குதலன்று, தட்டுக்களைப் பகிர்தலே. ஒருவர் தோடியை நாதசுரத்திற் கொணர்கின்றார். மற்றொருவர் அதனையே வாய்ப்பாட்டிற் கொணர்கின்றார். வேறொருவர் வீணையிற் கொணர்கின்றார். நாதசுரக்காரர் மூச்சினாலும் விரலினாலும் காந்தாரத்தை அசைக்கின்றார். வீணைக்காரர் மெட்டின் மேல் தந்தியை இழுத்து அசைக்கின்றார். பாடுவோர் கண்டத்தினால் அசைக்கின்றார். மூன்றனையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதே, தனித்தனி வழக்கு எது, இராகத்துக்குப் பொதுவான இயல்பு எது என்பது புலப்படும். அயலாரின் தட்டு நம் செவியின் பிடிவாதத்தைத் திருத்துகின்றது. எனவே இத்தகைய கூட்டம் திறனாய்வின் தொடக்கப் பள்ளியாகும்.

ஆனால் எல்லாக் கூட்டமும் இப்பயனைத் தருவதில்லை. கொண்டுவந்த தட்டின் விலை யாது, அது கிடைத்தற்கு எத்துணை அரியது, உறையின் நிறம் மங்காது உள்ளதா என்ற அளவிலே பேச்சு நின்றுவிடுமாயின், அங்கு நடைபெறுவது இசையாராய்ச்சியன்று, பொருட்காட்சியேயாம். சிலர் ஒரு பக்கம் முடியுமுன்னரே அடுத்ததை எடுக்க விரைவர். உடைமையின் பெருமிதம் செவியை அடைத்துவிடுகின்றது. தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளிற் சென்னையில் தம் இல்லத்தில் வீணை வாசிக்க, பெரும் வித்துவான்களும் சிறுகூட்டமாய் அமர்ந்து வாய்பேசாது கேட்டனர். அம்மெல்லிய நாதத்தைப் பெற அமைதியே விலையாயிருந்தது. தட்டுக் கூட்டத்தார் பின்பற்றத் தக்க முன்மாதிரி அதுவேயாம். ஒரு தட்டை இருமுறை கேட்டல், கேட்டபின் இராக தாளங்களைச் சொல்லி ஆராய்தல், அதே உருப்படியைப் பிறர் பாடியவாற்றோடு ஒப்பிடல் ஆகிய மூன்றும் அமையுமாயின் காட்சி கேள்வியாக மாறும்.

நெடுநேரத் தட்டு 1948 இல் வந்து ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடந் தந்தது. ஒலிநாடாவும் குறுந்தட்டும் அதன்பின் வந்தன. இன்று விரும்பிய பாடல் கையடக்கக் கருவியிற் கணத்தில் வந்து ஒலிக்கின்றது. எனினும் அமெரிக்காவில் 2020 ஆம் ஆண்டு பழைய வகை இசைத்தட்டின் விற்பனை வருவாய், 1986 க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டின் வருவாயை விஞ்சிற்று. கையிற் பற்றிக் காட்டவும் கொடுக்கவும் தக்க ஒன்றை மனிதர் இன்னும் விரும்புகின்றனர் என்பது இதனாற் பெறப்படும். அவ்விருப்பம் குற்றமன்று. ஆனால் பேழையில் நூறு தட்டு உடையவனினும், இரவல் பெற்ற ஒரு தட்டை நண்பரோடிருந்து நுணுகிக் கேட்டவனே இசைச் செல்வன். தட்டு வாங்கியோனுக்கு உரியது. இசையோ கேட்டோனுக்கே உரியது.