உருவத்தை மறுத்த நடனம்: இவோன் ரெய்னர் பற்றிய ஒரு மதிப்பீடு

நடனக் கலையில் உருவத்திற்கும் உள்ளடக்கத்திற்குமுள்ள உறவினை ஆராய முற்படுவோர் அமெரிக்க நடனக் கலைஞரான இவோன் ரெய்னரின் பணியைப் புறக்கணித்தல் இயலாது. 1934இல் சன் பிரான்சிஸ்கோவிற் பிறந்த இவர், நியூயோர்க்கில் மார்த்தா கிரகாமின் பள்ளியிலும் மேர்ஸ் கனிங்காமிடமும் பயின்றவர். றொபேட் டன் நடத்திய நடன ஆக்க வகுப்பிற் கூடிய இளங்கலைஞர்கள் 1962இல் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் தம் ஆக்கங்களை அளிக்கை செய்தனர். பின்நவீனத்துவ நடனம் எனப் பின்னர் பெயர்பெற்ற போக்கு அங்கேயே வலுப்பெற்றது.

கிரகாமின் நடனத்தில் உடல் உளப்போராட்டத்தின் குறியீடாக நின்றது. ரெய்னரோ 1965இல் வெளியிட்ட அறிக்கையிற் பகட்டு, வித்தைத்திறன், பார்வையாளரை மயக்கும் உத்தி ஆகிய யாவற்றையும் நிராகரித்தார். 1966இல் முதன்முதலாக ஆடப்பட்ட ‘ட்ரியோ ஏ’ அந்நிராகரிப்பின் செயல்வடிவம் எனலாம். ஏறத்தாழ 5 நிமிடம் நீளும் அந்நடனத்தில் உச்சமில்லை, இடைநிறுத்தமில்லை, எந்தவோர் அசைவும் ஏனையவற்றிலும் மேலான அழுத்தம் பெறுவதில்லை. ஆடுபவர் பார்வையாளரின் கண்களை எதிர்கொள்வதுமில்லை. ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் உடலின் இயல்பே இங்கு அழகியலாகின்றது.

இதனை வெறும் உருவவாதமென ஒதுக்குவோருளர். அக்கூற்றினை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. ஆடும் பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் நோக்கு மேடையில் நிலைபெற்றிருந்த சூழலில், அவள் தன் பார்வையைத் திருப்பிக்கொள்ளுதலே ஒரு சமூக விமர்சனமாகும். மேலும், 1967இல் வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துக் கலைஞர்கள் நடத்திய எதிர்ப்பு வாரத்தில், சத்திரசிகிச்சையின் பின் உடல் தேறிவந்த நிலையில் ரெய்னர் இதே நடனத்தை ஆடினார். 1970இல், கொடி அவமதிப்புச் சட்டங்களை எதிர்த்து நடைபெற்ற கண்காட்சியில், அமெரிக்கக் கொடியை மாத்திரம் கழுத்திற் கட்டிய நிர்வாண உடலினராய் ஆடுநர் இதனை ஆடினர். அசைவுகள் மாறவில்லை, சந்தர்ப்பம் மாறியது, அதனாற் பொருளும் மாறியது.

ஆயினும், இப்போக்கின் வரையறைகளும் நோக்கத்தக்கவை. அன்றாட அசைவினை முதன்மைப்படுத்திய இந்நடனத்தைக் கண்டோர் பெரும்பாலும் கலைஞர் வட்டத்தினரே. எளிமையாகத் தோன்றும் ‘ட்ரியோ ஏ’யைக் கற்றலும் எளிதன்று. உழைப்பவரின் அசைவு மேடைக்கு வந்தது, உழைப்பவர் வரவில்லை. 1972இல் தமது முதலாவது முழுநீளத் திரைப்படத்தை ஆக்கிய ரெய்னர், அதன்பின் நடனத்தை விட்டு நீங்கி, பெண்ணின் உணர்வுலகையும் அதிகார உறவுகளையும் திரையிற் பேசினார். 2000ஆம் ஆண்டிலேயே பரிஷ்னிக்கோவின் குழுவிற்காக மீண்டும் நடனம் அமைத்தார். அசைவு மாத்திரம் சொல்லவியலாதவற்றைச் சொல்லவே அவர் மொழியை நாடினார் என நாம் கருதுகின்றோம்.

உருவத்தை மறுத்தலும் ஓர் உருவமே. அம்மறுப்பு யாரை நோக்கி, எச்சந்தர்ப்பத்தில் நிகழ்கின்றது என்பதே அதன் முற்போக்குத் தன்மையைத் தீர்மானிக்கின்றது. ரெய்னரின் கலைவாழ்வு எமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.