ஒரு வில்லன் தேவை

கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'ஸல்லி' (2016) படத்தை மறுபடி பார்த்தேன். சில்லறைக் காசு இல்லை, கேப்டன் ஸல்லன்பெர்கரின் செல்லப்பெயர். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க் லகார்டியாவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ்ஸின் இரண்டு இன்ஜின்களிலும் காட்டு வாத்துகள் புகுந்துவிட, 208 விநாடியில் அதை ஹட்ஸன் நதியில் இறக்கியவர். 155 பேரும் பிழைத்தார்கள். அந்தக் காட்சி வயிற்றைப் பிசைகிறது. டாம் ஹாங்க்ஸ் பிரமாதம்.

சிக்கல் என்னவென்றால், மூன்றரை நிமிஷக் கதையை ஒன்றரை மணி நேரம் ஓட்ட ஒரு வில்லன் வேண்டும். வாத்தை வில்லனாக்க முடியாது. மாட்டிக்கொண்டது அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதன் அதிகாரிகள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "திரும்பிப் போயிருக்கலாமே?" என்று குடைகிறார்கள். யோசிக்க 35 விநாடியாவது வேண்டாமா என்று ஹாங்க்ஸ் மடக்கிய பிறகுதான் ஞானோதயம்.

நிஜத்தில், அந்த 35 விநாடியைச் சேர்த்து சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்ததே வாரியம்தான். கேப்டன் செய்தது சரி என்று 2010-ல் எழுதியதும் அதுதான். அந்த அறிக்கை படத்தைவிட சுவாரஸ்யம். இரண்டு இன்ஜினும் நின்றால் பார்க்கவேண்டிய செக்லிஸ்ட் மூன்று பக்கம். 20,000 அடிக்கு மேல் பறக்கும்போது நிதானமாகச் செய்வதற்காக எழுதியது. இவர்கள் இருந்ததோ 3,000 அடி சுமாருக்கு. துணை பைலட்டால் மூன்றில் ஒரு பங்குதான் முடிக்க முடிந்தது. படகாகவும் மிதக்கக்கூடிய காற்றடைத்த சறுக்குகள் அந்த ரூட்டுக்குக் கட்டாயமே இல்லை. தற்செயலாக அந்த விமானத்தில் இருந்தன.

ஆக, திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும். அடுத்த முறை அதிர்ஷ்டம் வராமல் போகலாம் என்றுதான் குடைகிறார்கள். விபத்து விசாரணை பழி சுமத்த அல்ல, அடுத்த விபத்தைத் தடுக்க என்பது சர்வதேச விதி. பைலட்டின் லைசென்ஸைப் பிடுங்குவது வேறு இலாகா.

'சினிமாதானே, விடுங்க சார்' என்பீர்கள். விட மனசில்லை. விசாரணை என்றாலே பழிவாங்கல் என்று ஒரு பைலட் நம்பிவிட்டால், தான் செய்த சின்னத் தவறை வெளியே சொல்வாரா? சொல்லாமல் விட்ட தவறு இன்னொரு காக்பிட்டில் காத்திருக்கும்.

ஸல்லிக்குத் தாராளமாகக் கைதட்டுவோம். ஆனால், நாம் ஏறும் எல்லா விமானத்திலும் ஸல்லி இருக்கமாட்டார். செக்லிஸ்ட் இருக்கும். அதைத் திருத்தச் சொன்னவர்களைத்தான் படத்தில் வில்லனாக்கிவிட்டார்கள்.