லயமும் ஊரும்: மலையகப் புனைகதையிற் குடியிருப்பு

மலையகத் தமிழ்ப் புனைகதை பற்றி எழுதுவோர் யாவரும் லயத்தைக் குறிப்பிடாது விடுவதில்லை. அட்டை, பனி, பிரட்டுக்களம், கங்காணி என்னும் வரிசையிலே லயமும் ஒன்றாக வந்து சேரும். 'அவலத்தின் சின்னம்' என்றொரு தொடர் அதற்கு அடைமொழியாகும். கட்டுரை அடுத்த விடயத்துக்கு நகர்ந்துவிடும். மூன்று, நான்கு தலைமுறையினர் பிறந்து, மணந்து, இறந்த ஓர் இடத்தைச் சின்னம் என்று மட்டும் கூறி அமைவது திறனாய்வுக்குப் போதுமா? மனிதர் வாழ்ந்த குடியிருப்பு என்ற வகையில் லயத்தை நம் எழுத்தாளர்கள் எவ்வாறு கண்டனர், எதனைக் காணத் தவறினர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலத்து 'லைன்' தோட்டத்து வாய்மொழியில் 'லயன்' ஆகிப் பின்னர் 'லயம்' ஆயிற்று. இசையிலே ஒத்திசைவைக் குறிக்கும் சொல்லோடு அது ஒன்றுபட்டது தற்செயலே. குதிரை கட்டும் 'லாயம்' என்ற சொல்லுக்கும் அது ஓரெழுத்துத் தொலைவிலேதான் நிற்கிறது. இவ்விரு ஒலியுறவுகளுள் எதனைக் கேட்பது என்பதிலேயே எழுத்தாளனின் நோக்கு ஒருவாறு தெரிந்துவிடும். மல்லிகை சி. குமார் தம் கவிதைத் தொகுதிக்கு 'மாடும் வீடும்' எனப் பெயரிட்டமை இவ்விடத்து நினைக்கத்தக்கது.

லயத்தின் அமைப்பு மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதன்று. ஆயினும் பல்கலைக்கழகத்துக்கு வந்துதான் மலைநாட்டை முதலில் அறியும் வாசகரும் நம்மிடையே உளர். கோப்பிக் காலத்திலே தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னரும் மாறாது தொடர்ந்த அமைப்பு அது. ஒரே கூரையின்கீழ் நீளவாட்டில் அடுத்தடுத்து அறைகள். ஒரு வரிசை மட்டுமுள்ளது ஒற்றை லயம். முதுகோடு முதுகு ஒட்டி இருவரிசையாக நிற்பது இரட்டை லயம். அறையைக் 'காம்பிரா' என்பர். முன்புறத்து ஒடுங்கிய தாழ்வாரம் 'இஸ்தோப்பு'. காம்பிரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரட்டை லயத்துக் காம்பிராவுக்குப் பின்கதவில்லை, பின்புறத்து வெளிச்சமுமில்லை. இருவீட்டுக்கு ஒரு சுவர், எல்லா வீட்டுக்கும் ஒரு முற்றம், ஒரு பீலி. இதுவும் போதாதென்று மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: காம்பிரா தோட்டத்துக்கு உரியது. பத்துச்சீட்டு கிடைத்த நாளிலே வேலையோடு வீடும் போய்விடும். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. வேலையையும் கூரையையும் ஒன்றாகப் பிணைத்த முடிச்சோ அதன் பின்னரும் அவிழவில்லை.

இக்கடைசிச் செய்தியே சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' (1981) நாவலுக்கு அடிப்படை. மடகொம்பரைத் தோட்டத்திலே 1914இல் பிறந்தவர் சி. வி.; 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியினின்றும் பாராளுமன்றம் சென்றவர்; அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்முன்னே கண்டவர். தோட்டத்திலே சங்கம் அமைக்க முனைபவனின் கதையைச் சொல்லும் நாவலுக்கு அவர் 'நாடற்றவன்' என்று பெயரிடாது 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். நாடு என்பது சட்டப் புத்தகத்தில் உள்ளது. வீடு அன்றாடம் கதவைத் திறந்து புகுவது. முதலாவதை இழந்தவன் அதனை உணரச் சில காலம் செல்லும். இரண்டாவதை இழந்தவனோ அன்றிரவே உணர்ந்துவிடுவான். நாவலின் கலைக் குறைகளைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். பாத்திர வார்ப்பிலும் பார்க்கச் செய்திக்கே அது முதன்மை தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தலைப்பின் கூர்மையை அக்குறைகள் மழுங்கச் செய்யவில்லை.

சி. வி.யின் நோக்கு உள்ளிருந்து எழுந்தது. மலைநாட்டுக்கு வெளியேயிருந்து வந்தோர் எழுதிய நாவல்களிலே வேறொரு தன்மை காணப்படும். நந்தியின் 'மலைக்கொழுந்து', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' இரண்டும் 1964இல் வெளிவந்தவை. தி. ஞானசேகரனின் 'குருதிமலை' எழுபதுகளின் இனமுரண்பாட்டைப் பகைப்புலமாகக் கொண்டது. பின்னர் 1994இல் அவர் 'லயத்துச் சிறைகள்' என்னும் நாவலையும் தந்தார். நந்தியும் ஞானசேகரனும் மருத்துவர்கள். நோயாளியைத் தேடிக் காம்பிராவுக்குள் குனிந்து நுழைந்தவருக்கு இருளும் புகையுமே முதலிற் கண்ணிற் பட்டிருக்கும். அது இயல்பு, அவர்களது பரிவும் மெய்யானது. 'சிறை' என்ற உருவகம் இப்பரிவின் விளைவு. நிருவாகத்தின் கொடுமையை ஒரு சொல்லில் உணர்த்தும் ஆற்றல் அதற்குண்டு.

ஆனால் அவ்வுருவகத்துக்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. 1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு இரு நாட்டுக்கும் சரிபாதியாக்கியது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நானுஓயாவிலும் தலைமன்னாருக்குப் புறப்பட்டோரை வழியனுப்ப லயம் லயமாக மக்கள் திரண்டனர். அழுகுரல் நிறைந்த அந்தப் புகையிரதம் மக்கள் வாயிலே 'ஒப்பாரிக் கோச்சி' ஆயிற்று, மு. சிவலிங்கத்தின் சிறுகதைத் தொகுதியொன்றுக்கும் அதுவே பெயர். சிறையினின்றும் விடுபட்டுப் போவோர் எதற்காக ஒப்பாரி வைத்தனர்? முகம் தெரியாத பூர்வீக ஊரிலே என்ன காத்திருக்குமோ என்ற அச்சம் ஒருபுறம் இருந்திருக்கும். அதனிலும் மிகுதியாக, அவர்கள் விட்டுச் சென்றது ஓர் ஊர். மேட்டு லயம், பணிய லயம் என்று அதற்குத் தெருக்கள் இருந்தன. தொங்கற் காம்பிரா கிடைத்தவன்மீது மற்றவர்க்குச் சிறு பொறாமை இருந்தது; ஒருபக்கம் சுவரும் சற்றுக் கூடுதலான கோடிப்புறமும் அவனுக்கு அல்லவா கிடைக்கின்றன! மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கும் பொட்டல் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கும் சாவுக்கும் அழையாமலே வந்து நிற்கும் பக்கத்துக் காம்பிரா இருந்தது. சிறை என்ற உருவகத்துள் இவை எவையும் அடங்கமாட்டா.

இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல், நாவலைவிடச் சிறுகதைக்கே நம்மிடையே வாய்த்திருக்கிறது என்பது என் கருத்து. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' இதற்குத் தலைசிறந்த சான்று. வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பிராவிலே படுத்துறங்க வேண்டிய ஒரு தகப்பன். இருளிலே நேர்ந்த ஒரு தடுமாற்றம். அதன் பின் அவனை அரித்தெடுக்கும் கூச்சம். இன்னொரு காம்பிராவுக்கான ஏக்கம். இக்கதையை வறுமையின் சித்திரம் என்று படிப்பது போதாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவை எவனோ ஒருவன் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்க் காகிதத்திலே வரைந்தான். அவனுக்கு அதிலே வெட்கமில்லை. அவ்வளவுக்குள் மானத்தோடு வாழ முயன்றவனே வெட்கித் தலைகுனிகிறான். குற்றம் ஒருவனுடையது, கூச்சம் இன்னொருவனுடையது என்ற இந்த அநீதியைக் கோஷமின்றி, எவரையும் சபியாது, கதை நிறுவிவிடுகிறது. அத்துடன், மானம் என்ற பண்பு அந்தக் காம்பிராவிலே எத்துணை வலுவாக வாழ்ந்தது என்பதையும் நாம் காண்கிறோம். அது இல்லாதவிடத்துக் கதையே இல்லை.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (இதே தலைப்பிலான தொகுதி 1980இல் வெளிவந்தது) வேறொரு வகையிலே நமக்குப் பயன்படும். வழக்கத்தினும் மிகுதியாகக் கொழுந்தெடுத்த ஒரு பெண்மீது ஐயம் எழுகிறது. களம் தேயிலை மலைதான். ஆயினும் அந்த ஐயம் பரவும் விரைவும் அது அவளைத் தைக்கும் ஆழமும் நெருங்கி வாழும் குடியிருப்புக்கே உரியவை. சந்தேகிப்பவரும் சந்தேகிக்கப்படுபவரும் மாலையிலே ஒரே பீலியில் நீரெடுக்க வேண்டியவர்கள். தன் திறமையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற அவளது முனைப்பு, கணக்குப் புத்தகத்தில் ஏறும் இறாத்தலுக்காக மட்டும் எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அயலாரின் பார்வையிலே நிமிர்ந்து நடக்கும் உரிமைக்காகவும் எழுந்தது. லயத்து அயலுறவு ஆதரவு மட்டுமன்று, ஓயாத கண்காணிப்பும் ஆகும். கங்காணியின் கண் மாலையோடு ஓயலாம். அயலாரின் கண் ஓய்வதில்லை. இக்கண்காணிப்பின் சுமையைப் பெண்களே பெரிதும் சுமந்தனர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவது முதல், மறைவற்ற பீலியிலே குளிப்பது வரையில் அவர்கள் நாளை முழுமையாகக் கூறும் நாவல் ஒன்று நமக்கு இன்னும் வரவேண்டியுள்ளது.

ஈண்டு ஓர் ஒப்பீடு பொருத்தமாகலாம். மும்பையிலே ஆலைத் தொழிலாளர்க்கும் சிறு சம்பளக்காரர்க்கும் எழுந்த 'சால்' குடியிருப்புகளும் வரிசை வரிசையான ஒற்றை அறைகளே. பொதுத் தாழ்வாரம், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் யாவும் அங்கும் உண்டு. அத்தகைய ஒரு சாலை வைத்து மராத்தி எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே 1958இல் 'படாட்யாச்சி சாள்' என்னும் நகைச்சுவை நூலை எழுதினார். மராத்தியர் அதனை இன்றும் சிரித்துச் சிரித்துப் படிக்கின்றனர். நம் லயத்திலிருந்து அத்தகைய நூல் ஒன்று ஏன் எழவில்லை? மலையகத்தார் நகைச்சுவை அறியாதவர் என்று கூறுவோர் ஒரு மாலைப்பொழுதை இஸ்தோப்பிலே கழித்தறியாதவர். தேஷ்பாண்டேயின் பாத்திரங்கள் நடுத்தர வகுப்பினர் என்பது ஒரு விடை; ஆயினும் அது முழு விடையாகாது. சாலிலே இருந்தவன் வாடகைக்காரன். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் அவனை எளிதில் வெளியேற்றவிடாது காத்தது. வேலை போனாலும் அவன் அறை அவனுக்கிருந்தது. நிலைத்திருக்கும் உரிமை உள்ளவனே தன் குடியிருப்பின் குறைகளைக் கேலி செய்து மகிழலாம். நாளை இருப்போமா என்ற ஐயமுள்ளவனின் எழுத்து முறைப்பாடாகவோ மன்றாட்டாகவோதான் அமையும். மலையக இலக்கியத்தின் தொனி பற்றி வழக்கமாகக் கூறப்படும் குறையை இந்நோக்கிலே மீளாய்வு செய்தல் வேண்டும்.

இந்த உரிமை நீதிமன்றத்திலும் பேசப்பட்டது. கேகாலைப் பகுதியிலே, உருளவள்ளி எனத் தமிழ் மக்கள் அழைத்த நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென அரசு எடுத்துக்கொண்டபோது தொழிலாளர் வெளியேற மறுத்தனர். 1946இல் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. காம்பிராவை விட்டு நீங்காமை குற்றவியல் அத்துமீறல் என வழக்குத் தொடரப்பட்டது. ஈற்றில் இலண்டன் பிரிவிக் கவுன்சில், பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கம் நிறுவப்படவில்லை எனக் கண்டு தண்டனையை நீக்கிற்று. தன் வீட்டிலே தொடர்ந்து இருக்க விரும்புவது வேறு, பிறர் நிலத்திலே அத்துமீறுவது வேறு என்ற வேறுபாட்டை அவ்வழக்கு வெளிப்படுத்தியது. நம் இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்வழக்கையும் 'வீடற்றவன்' நாவலையும் ஒருசேர வைத்துப் படிக்கத் தொடங்குமாயின் பயன் பெரிதாகும்.

இன்றைய நிலை வேறு. பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகி, 1992 முதல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் மீரியபெத்தையிலே மண்சரிவு லயங்களை மூடியதன் பின்னர், ஏழு பேர்ச்சஸ் நிலத்திலே தனிவீடு என்ற கோரிக்கை அரசின் திட்டமாயிற்று. இந்திய உதவியுடனும் வீடுகள் எழுந்து வருகின்றன. எனினும் கணிசமான குடும்பங்கள் இன்றும் லயங்களிலேதான். அங்கு வாழ்வோர் யாவரும் கொழுந்தெடுப்பவரும் அல்லர். ஒரே காம்பிராவிலிருந்து தாய் மலைக்குச் செல்கிறாள், மகன் ஹட்டன் கடையொன்றுக்குச் செல்கிறான், மகள் கொழும்பு ஆடைத் தொழிற்சாலையிலிருந்து தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போகிறாள், இளையவன் இஸ்தோப்பிலே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். கொட்டகலை, டிக்கோயாப் பகுதிகளிலே நகரை ஒட்டிய லயங்கள் நகரத்துத் தொழிலாளர் புறஞ்சேரிகளாகவே மாறிவிட்டன. நம் புனைகதையோ இன்னும் பிரட்டுக்களத்து விடியலிலேயே தொடங்குகிறது.

தனிவீடு வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. லயத்து அயலுறவின் இனிமையைச் சொல்லி அதனைத் தாமதப்படுத்துவோரை, அவர்கள் நிருவாகிகளாயினும் ஆய்வாளராயினும், நம்புதல் கூடாது. பத்தடிக்குப் பன்னிரண்டடியின் இனிமையை அதனுள் வாழாதவர் பேசலாகாது. எழுத்தாளன் முன்னுள்ள பணி இதனிற் கடினமானது. வேலியிட்ட ஏழு பேர்ச்சசுக்குள் முதன்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் தம்பதியரின் நிம்மதியை அவன் எழுத வேண்டும். அதே வீட்டிலே, பக்கத்துச் சுவரில் இருமல் கேட்கவில்லையே எனக் காதைத் தீட்டிக்கொண்டு நடுச்சாமத்தில் விழித்திருக்கும் கிழவியையும் எழுத வேண்டும். 'மீன்கள்' எழுதிய கை 2022இல் ஓய்ந்துவிட்டது. அக்கிழவியின் பேரப்பிள்ளைகள் இப்போது நம் விரிவுரை மண்டபங்களிலே அமர்ந்திருக்கின்றனர்.