பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும்: இயற்கை நயப்பின் சமூக அடிப்படை

1

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. குளிர்ச்சிக்குக் காரணம் பச்சை மட்டுமன்று, தூரமுந்தான் என்பதை அது உணர்த்திவிடுகின்றது. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தொழிலாளரின் வாழ்வைக் கூறும் தமது நாவலுக்குக் கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை' (1964) என்று பெயரிட்டார். பழமொழியின் முற்பாதி மட்டுமே அங்கு உண்டு, குளிர்ச்சி இல்லை. பச்சையின் அருகே வந்தவர்களுக்கு அக்குளிர்ச்சி ஏன் கிட்டாமற் போயிற்று? இயற்கை நயப்புப் பற்றிய ஆராய்வை இவ்வினாவிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஈழத்துத் தமிழிலக்கிய உலகில் 'தேசிய இலக்கியம்', 'மண்வாசனை' ஆகிய கோரிக்கைகள் எழுந்தமையும், அவற்றின் பயனாக எழுத்தாளர் தத்தம் பிரதேசங்களை ஆக்கவிலக்கியத்திற் கொணரும் முயற்சி வேகம் பெற்றமையும் இலக்கிய மாணவர் நன்கறிந்தவை. அம்முயற்சியின் முற்போக்கான பங்கினை மறுப்பதற்கில்லை. ஆயினும் நிலக்காட்சியைப் பொறுத்தவரை இரு எளிய நிலைப்பாடுகள் நம்மிடையே வேரூன்றிவிட்டன. இரசனைமுறைத் திறனாய்வாளர் வருணனையின் இனிமையைச் சுவைத்து அத்துடன் அமைந்தனர். முற்போக்கு அணியைச் சார்ந்த நம்மிற் சிலரோ, சுரண்டல் நிலவும் சமுதாயத்தில் மலையையும் கடலையும் நயந்து நிற்பது வீண்பொழுதென ஒதுக்கினர். பார்ப்பவர் யார், எங்கு நின்று பார்க்கிறார், அந்நிலத்தில் அவருக்குள்ள உரிமை யாது என்ற வினாக்களை இரு சாராரும் போதிய அளவு எழுப்பவில்லை. பிறந்து வளர்ந்த பிரதேசத்தின் அழகையும், பின்னர் சென்று வாழ்ந்த பிரதேசத்தின் அழகையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது இவ்வினாக்கள் தவிர்க்கமுடியாதனவாகின்றன.

2

இயற்கையழகை நயக்கும் ஆற்றல் எல்லா மனிதருக்கும் பிறவியிலேயே அமைந்த ஒன்றா? ஆங்கில இயற்கைக் கவிஞருள் முதன்மையானவராகப் போற்றப்படும் வேட்ஸ்வேர்த் இதற்குத் தெளிவான விடையொன்று அளித்துள்ளார். 1770 இல் கொக்கர்மவுத் என்ற சிற்றூரிற் பிறந்த அவர், 1799 இல் கிராஸ்மியரிற் குடியேறினார். இரண்டும் வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. 1844 இல் கெண்டலிலிருந்து வின்டர்மியர் வரை புகையிரதப் பாதை அமைக்கும் திட்டம் வந்தபோது அவர் அதனைப் பத்திரிகை வாயிலாகக் கடுமையாக எதிர்த்தார். மலைக்காட்சியை நயத்தல் இயல்பாக வருவதன்று, மெல்ல மெல்லப் பண்பட்டு வருவது. எனவே கைத்தொழில் நகரங்களின் தொழிலாளரைக் கூட்டங் கூட்டமாக அங்குக் கொண்டுவந்து இறக்குவதனால் அவர்களுக்கும் பயனில்லை, பிரதேசத்துக்கும் கேடு என்பது அவர் வாதத்தின் சாரம்.

அதே 1844 ஆம் ஆண்டில் பாரிசில் இருந்த இளம் மார்க்ஸ், பின்னர் 1932 இலேயே முழுமையாக வெளிவந்த தம் கையெழுத்துப்படிகளில் இப்பொருளையே வேறொரு கோணத்தில் அணுகினார். மனிதப் புலன்கள் வரலாற்றினால் உருவாக்கப்படுபவை. பட்டினியால் வாடுபவனுக்கு மிகச் சிறந்த காட்சியும் ஒன்றுமில்லை. கனிப்பொருள் வணிகனோ அதன் விலையைக் காண்கிறான், அழகைக் காண்பதில்லை என்பது அவர் கருத்து. நயப்பு இயல்பானதன்று, பண்பட்டு வருவது என்ற அளவில் கவிஞரும் மெய்யியலாளரும் உடன்படுகின்றனர். முடிவிலேதான் வேறுபாடு. கவிஞர், பண்படாதவருக்கு வாயிலை அடைக்கச் சொன்னார். மார்க்சோ, புலன்களைக் குறுக்கிவைத்த சமூக உறவுகளை மாற்றவேண்டும் என்றார்.

நமது இலக்கிய மரபும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களை வகுக்குமிடத்து, தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு 'செய்தி' எனத் தொழிலையும் சேர்த்தெண்ணுகிறது. நிலத்தையும் அதில் நிகழும் உழைப்பையும் பிரித்து நோக்கும் பழக்கம் அம்மரபுக்கு இல்லை. அப்பிரிப்பு பிற்காலத்தது.

3

நாம் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்தோம். செம்பாட்டுத் தறையும், பூவரச வேலிகள் இருபுறமும் நிழல்செய்யும் ஒழுங்கைகளும், காற்றில் இரையும் பனங்கூடலும், விடியற் கருக்கலில் துலா ஏறி இறங்கும் ஓசையும் நம் நினைவில் இன்றும் அழியாதுள்ளன. மேலை நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோர் எழுதும் நினைவுக் குறிப்புகளிலும் இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. இந்நினைவுகள் பொய்யல்ல. ஆனால் இவற்றை அழகாகக் காண்பதற்கு நமக்கிருந்த வாய்ப்பு எதனால் வந்தது என்று கேட்டல் வேண்டும்.

துலாவின் ஓசையை நாம் பாயிற் படுத்திருந்து கேட்டோம். துலா மிதித்தவருக்கும் பட்டை பிடித்தவருக்கும் அது ஓசையன்று, இடுப்பொடியும் வேலை. ஆறுகளற்ற அச்சுண்ணக்கற் பூமியில் வாழ்வுக்கு ஆதாரம் கிணறு. அக்கிணற்றில் வாளியைத் தொடும் உரிமை ஒரு பகுதி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டிருந்தது. பிறர் வந்து அள்ளி வார்க்கும்வரை குடத்துடன் காத்துநிற்போர் கிணற்றடியை எவ்வாறு கண்டிருப்பர்? கே. டானியல் மறைந்த மறுவருடம், 1987 இல், வெளிவந்த 'தண்ணீர்' என்ற நாவல் இவ்வினாவை மையமாகக் கொண்டது. 'பஞ்சமர்' (1972) தொடக்கம் அவர் எழுதிய நாவல்களில் யாழ்ப்பாணத்து நிலமும் பனையும் கிணறும் நிறைய வருகின்றன. எனினும் அவற்றை இயற்கை வருணனை என எவரும் பாராட்டியதாக நாம் அறியோம். காரணம் வெளிப்படை. அவருடைய எழுத்தில் நிலம் தனித்து நிற்பதில்லை. அதன் உடைமையாளனும் அதில் உழைப்பவனும் உடன் வந்துவிடுகிறார்கள். வருணனையை மட்டும் பிரித்தெடுத்துச் சுவைக்க இடமின்றிப் போகிறது.

எனவே பிறந்த மண்ணின் அழகு என நாம் போற்றுவது, பெரும்பாலும் அம்மண்ணின் உழைப்பிலிருந்து விலக்களிக்கப்பட்ட பிள்ளைப்பருவத்தின் அழகாகும். அதை இழந்துவிடவேண்டும் என்பதன்று நம் வாதம். அது பாதியே என்பதை உணர்தல் வேண்டும்.

4

பட்டப்படிப்பின் பொருட்டு நாம் பேராதனைக்கு வந்தபோது மலைகளை முதன்முதலாக அருகிற் கண்டோம். மகாவலியின் வளைவும், ஹந்தானை மலையிற் படியும் பனிமூட்டமும், பதுளை செல்லும் புகையிரதத்தின் யன்னலோரம் விரியும் தேயிலைச் சரிவுகளும் சமதரையிற் பிறந்த நம்மை மயக்கின. அப்பிரதேசமே பின்னர் நாம் வாழும் இடமுமாயிற்று. ஆனால் தோட்டத்து மாணவர் சிலருடன் பழகத் தொடங்கியபின் ஒரு சொல் நம் பார்வையை மாற்றிற்று. அவர்கள் பேச்சில் 'மலை' என்பது கொழுந்தெடுக்கும் இடம். 'அம்மா மலைக்குப் போயிருக்கிறார்' என்றால் வேலைக்குப் போயிருக்கிறார் என்பதே பொருள். நமக்குக் காட்சியாயிருந்த சொல் அவர்களுக்குத் தொழிற்களமாயிருந்தது.

இயற்கையின் கொடை என நாம் நயக்கும் அம்மலைச்சரிவுகள் உண்மையில் இயற்கையானவையல்ல. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம் பெருந்தோட்டத்துக்கு நிலத்தைத் திறந்துவிட்டது. காடழித்துக் கோப்பி நட்டனர். 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடக்கிய தேயிலைச் செய்கை அவ்விடத்தை நிரப்பிற்று. அப்பச்சைக் கம்பளத்தின் வயது இரு நூற்றாண்டுக்கும் குறைவு. அதை நெய்தவர் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, வழியிற் பலரைப் பறிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள். சி. வி. வேலுப்பிள்ளை 1954 இல் ஆங்கிலத்தில் எழுதி, 1969 இல் சக்தீ அ. பாலையாவினால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கப்பெற்ற கவிதை நூல் இவ்வரலாற்றையே பாடுகிறது. தேயிலைத் தூரின் அடியிற் புதைந்தவரை நினையாது அச்சரிவைப் பார்க்கமுடியாத நிலைக்கு அது வாசகனைக் கொண்டுவருகின்றது.

அவர் தோட்டத்திலேயே பிறந்தவர் என்பது ஈண்டு முக்கியமானது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர் அவர். மறுவருடம் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவருடைய மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கி, 1952 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னரே வாக்குரிமையையும் பறித்தன. 1964 ஒக்டோபரிற் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரின் எதிர்காலத்தை இரு அரசுகளுக்கிடையே பகிர முற்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் பேசுவதென முடிவாயிற்று. பாட்டனுக்குப் புகுந்த மண்ணாயிருந்தது பேரனுக்குப் பிறந்த மண்ணாகிவிட்டிருந்தது. அரசோ, அவன் ஒருநாளும் கண்டிராத இடத்தைத் 'தாயகம்' என்றது. அவ்வாறு அனுப்பப்பட்டோரிற் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென அமைக்கப்பட்ட அரசுத் தோட்டங்களில், மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்தனர். பிறந்த மண், புகுந்த மண் என்ற பாகுபாடு உணர்ச்சியால் மட்டும் அமைவதன்று. சட்டமும் உடைமையும் அதனை வகுக்கின்றன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடு முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. நிலமற்ற நிலை முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அதற்கு அண்மையிலேதான் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி உள்ளது. அதனைக் காண நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். நாமும் சென்று மெய்ம்மறந்து நின்றதுண்டு. அங்குச் செல்பவர் மாலையில் திரும்பிவிடலாம். சரிவின் கீழ் வாழ்ந்தவருக்குப் பெயர்ந்து செல்லச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை.

5

அவ்வாறாயின் உழைப்பவருக்கு இயற்கையழகே இல்லையா? இல்லை என்று கூறுவோர், தம்மை அறியாமலே 1844 ஆம் ஆண்டின் வேட்ஸ்வேர்த்தின் பக்கஞ் சேர்ந்துவிடுகின்றனர். நம் ஆக்கவிலக்கியம் வேறு விடை தருகிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதையில், வழக்கத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்த இளம்பெண்ணொருத்தி பிறர் உதவிபெற்றாளெனப் பழிசுமத்தப்பட்டுத் தன் கைத்திறனாலேயே அதை மறுக்கிறாள். அக்கதையில் மலை அழகாகத்தான் இருக்கிறது. அது விரல்களின் வேகத்தில், நிரையின் போக்கில், நிறைந்த கூடையின் பெருமிதத்தில் வெளிப்படும் அழகு. தூரத்தில் நின்று காண்பவருக்கு அது புலப்படாது.

அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டை அழித்துக் கழனியாக்கும் கதிராமனின் பார்வையும், வெளியிலிருந்து ஆசிரியப் பணிக்கு வரும் இளைஞனின் பார்வையும் அந்நாவலில் எதிரெதிரே வைக்கப்படுகின்றன. கதிராமனுக்குக் காடு அச்சமும் உறவும் உணவுமாகும். வந்தவனுக்கு அது வியப்பு. புகுந்த மண்ணை வெறும் வியப்பாகக் காண்பவனால் அம்மண்ணின் மனிதருக்கு நேரும் இன்னலையும் நாவல் மறைக்கவில்லை. 1984 இன் இறுதியில் தண்ணிமுறிப்பின் மக்கள் அயற்கிராமத்தவரோடு தம் நிலத்தினின்று பெயர்க்கப்பட்டனர். அதன்பின் அந்நாவலின் இயற்கைச் சித்திரிப்பு, இழந்த நிலத்தின் ஆவணமாகவும் மாறிற்று.

அதே வன்னிக்குத்தான் 1977 ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலைநாட்டு மக்கள் பலர் வந்து குடியேறினர். குளிர்ந்த மலையிற் பிறந்தவர் வறண்ட நிலத்திற் காடு வெட்டிக் கிணறு தோண்டினர். போர்க்காலத்தில் அங்கிருந்தும் பலமுறை பெயர்ந்தனர். அவர்களது பிறந்த மண்ணின் நினைவையும் புகுந்த மண்ணின் அழகையும் பேசும் எழுத்து இன்னும் போதிய அளவு தோன்றவில்லை. தோன்றும்போது, முழந்தாளளவு வளர்ந்த முதற் பயிரைக் கண்டு நிற்பவரின் மகிழ்ச்சியை இயற்கை நயப்பு என ஏற்கத் திறனாய்வு ஆயத்தமாக இருக்கவேண்டும்.

ஆகவே ஒரு படைப்பின் நிலக்காட்சியை மதிப்பிடுகையில், 'எவ்வளவு அழகாக வருணிக்கிறார்?' என்பதோடு நாம் அமைதல் போதாது. அக்காட்சியினுள் அதை ஆக்கியவர் நுழையும்போதும் அழகு நிலைக்கின்றதா என்று கேட்டல் வேண்டும். அவர் நுழைந்தவுடன் கலைந்துவிடும் அழகு தூரத்துப் பச்சையே. அவருடன் சேர்ந்து ஆழம் பெறும் அழகு இலக்கியத்துக்கு உரியது. இவ்வேறுபாட்டைக் காட்டுவது திறனாய்வின் பணி. அழகை நயத்தற்கு வேண்டிய ஓய்வையும் நிலத்தையும் அச்சமற்ற உறக்கத்தையும் எல்லாருக்கும் பெற்றுக்கொடுப்பது அதனினும் பெரிய பணி.

சென்ற விடுமுறையில் தோட்டமொன்றின் லயத்து வாசலிற் பழைய தகரப் பேணிகளில் வரிசையாகச் செவ்வந்தி நட்டிருக்கக் கண்டோம். நட்ட மூதாட்டிக்கு அவ்வாசலும் சொந்தமன்று. பூ எதற்கு என்று வினவியபோது, பார்க்கத்தான் என்றார். இயற்கை நயப்பு உழைக்கும் மக்களுக்கு உரியதன்று எனக் கருதுவோர் அவ்விடையை மனங்கொள்ளல் வேண்டும்.