துறையை எண்ணுவதும் துறைக்குள் பார்ப்பதும்

பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டைக் கணக்கிட ஒவ்வொரு துறையையும் தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எல்லாத் துறையிலும் எல்லாரும் வரட்டுமே! கணக்கு வேறு மாதிரிப் போயிற்று. சிறிய அலகுகளுக்கான 13 புள்ளி இனச்சுழற்சியில் நான்காவது இடம்தான் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது இடம் பட்டியல் சாதியினருக்கு. பழங்குடியினர் பதினான்காவது வரை காத்திருக்க வேண்டும். மூன்றே பேர் வேலை பார்க்கும் தத்துவத் துறையில் ஏழாவது ஆள் சேர எத்தனை பேர் ஓய்வு பெற வேண்டும்? 2018 மார்ச்சில் யுஜிசி அந்தத் தீர்ப்பை உத்தரவாக்கியதும் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஒதுக்கீட்டு இடங்கள் சரிந்தன. போராட்டம் வெடித்தது. 2019இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிறுவனங்களில் முழு நிறுவனமே ஓர் அலகு என்று பழைய முறையை மீட்டது.

அது சரியான திருத்தம். ஆனால் நியமனத்துக்குப் பொருந்திய அலகையே மதிப்பீட்டுக்கும் வைத்துக்கொண்டோம், கோளாறு அங்கேதான். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் அமைப்பிடம் நீட்டப்படும் தாள்கள் பெரும்பாலும் கல்லூரி முழுமைக்குமானவை: ஒதுக்கீட்டு இடங்கள் எத்தனை சதவீதம் நிரம்பின, சாய்தளம் உண்டா, குறைதீர் குழு உண்டா. வாசலில் சாய்தளம் இருக்கும், அதன் புகைப்படமும் கோப்பில் இருக்கும். சக்கர நாற்காலியில் வரும் மாணவி விலங்கியல் ஆய்வகத்துக்குப் போக இரண்டு மாடி ஏற வேண்டும் என்பது எந்தக் கட்டத்திலும் ஏறாது.

மாணவருக்குக் கல்லூரி என்பது நடைமுறையில் அவருடைய துறைதான். யார் கைடு, யாருக்கு எந்த பிராஜெக்ட், இன்டர்னல் மதிப்பெண் எவ்வளவு, கருத்தரங்குக்கு யார் பெயர் போகிறது, எல்லாமே ஹெச்.ஓ.டி. அறையிலும் ஸ்டாஃப் ரூமிலும் முடிவாகின்றன. எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றி ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையிலும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் புகார்கள் விடுதியோடு நிற்கவில்லை. ஆசிரியர்களின் நடத்தை, மதிப்பெண் வரை போயின.

கருத்துக்கணிப்புப் படிவம் இதற்கு மருந்து என்கிறார்கள். பெரிய துறையில் ஓரளவு பயன்படும். எட்டுப் பேர் படிக்கும் முதுகலை வகுப்பில் ஒரே ஒரு பழங்குடி மாணவர் இருந்தால், பெயர் எழுதாத படிவமும் பெயர் எழுதியதுதான். அவர் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துவிட்டுப் போவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

துறையில் ஏற்கெனவே கிடக்கும் காகிதங்களை நம்புவது மேல். செமஸ்டர் விடைத்தாளை டம்மி நம்பர் போட்டுத் திருத்தும் இடங்களில் திருத்துபவருக்கு எழுதியது யாரென்று தெரியாது. இன்டர்னல் போடுபவருக்கு ஆளின் முகமே தெரியும். ஒரு பிரிவு மாணவர்கள் மட்டும் எழுத்துத் தேர்வில் நன்றாக வாங்கி, இன்டர்னலில் தொடர்ந்து சரிகிறார்கள் என்றால் கேள்வி கேட்க இடமிருக்கிறது. ஒரு செமஸ்டரை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. வருகைப்பதிவும் ஒப்படைப்பும் இன்டர்னல் மதிப்பெண்ணில் சேர்கின்றன. பேருந்தே இல்லாத ஊரிலிருந்து வருபவருக்கு வருகை குறையும். ஐந்தாறு ஆண்டுப் பட்டியலை அடுக்கி வைத்தால் போக்கு தெரியும். முனைவர் பட்டத்தில் நெறியாளர் கிடைக்க யாருக்கு எத்தனை மாதம் ஆனது, யார் பாதியில் நின்றார் என்பதையும் அதோடு வைத்துப் பார்க்கலாம்.

நடத்தை விதிகளும் வேண்டியவைதான். சக மாணவரிடம் ஜேஇஇ ரேங்கை விசாரிக்கக் கூடாது என்று 2023இல் ஐஐடி பம்பாய் அறிவுறுத்தியது. ரேங்க் கேட்பது சாதி கேட்பதன் நாகரிக வடிவம் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விதி மாணவர்களின் வாயைத்தான் கட்டும். மதிப்பெண் பட்டியலைத் தொடாது.

பட்டியலைத் தொகுக்கும் வேலையைத் துறைத்தலைவரிடமே விட்டால் அது சுயசான்றிதழ் ஆகிவிடும். வேறொரு துறையின் ஆசிரியர் இருவர் பார்க்கட்டும். முடிவு கல்லூரி முதல்வருக்கும் சமவாய்ப்பு மையத்துக்கும் ஒரே நாளில் போகட்டும். சுழற்சி முறையில் தலைவர் மாறும் துறைகளில், பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடும் ஸ்டாக் ரிஜிஸ்டரோடும் அந்தப் பட்டியல் உள்ள கோப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.