முகத்தை விடுங்கள், கையைப் பாருங்கள்

லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஓர் ஓவிய வரிசை இருக்கிறது. 1660களில் பீட்டர் லெலி வரைந்த அரசவைப் பெண்கள். ‘விண்ட்சர் அழகிகள்’ என்று பெயர். போக முடியாதவர்கள் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதல் பார்வைக்குச் சலிப்புத் தட்டும். எல்லாருக்கும் பாதி மூடிய கண், சின்ன வாய், தோளில் நழுவும் பட்டு. அக்கா தங்கைகளோ என்று தோன்றும்.

அந்தச் சலிப்பிலிருந்தே தொடங்குங்கள். இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆசைநாயகி பார்பரா வில்லியர்ஸுக்குத் தூக்கம் வழியும் கண்கள். அவர் கண்தான் அன்றைய நாகரிகம். லெலி வரைந்த மற்ற பெண்களுக்கும் அதுவே வந்து ஒட்டிக்கொண்டது. ஊரார் முகத்தையெல்லாம் தன் முகமாக்கிய செல்வாக்கு அது. (‘ஆசைநாயகி’ என்ற நம் சொல்லில் அந்தரங்கம்தான் தொனிக்கிறது. அங்கே அது ஏறக்குறைய ஒரு பதவி.)

முகம் ஒன்றாகிவிட்டதால், ஆளைக் கண்டுபிடிக்கக் கைக்குப் போக வேண்டும். இந்த வரிசையில் பார்பராவின் கையில் ஈட்டி, தலையில் இறகு வைத்த கவசம். ரோமானியரின் போர்த் தெய்வம் மினர்வா வேடம். வேடப்பொருத்தம் பிரமாதம். 1662இல் சார்லஸ் மணந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்தவர். அந்தப் புதுப்பெண்ணின் அந்தப்புரத்திலேயே பார்பராவுக்குத் தோழிப் பதவி தர வேண்டுமென்று மன்னர் அடம்பிடித்தார். பார்பராவை நேரில் கொண்டுவந்து நிறுத்தியபோது ராணிக்கு மூக்கில் ரத்தம் வழிந்து மயக்கமே வந்ததாகப் பதிவு இருக்கிறது. கடைசியில் பதவி பார்பராவுக்கே.

அடுத்து, லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கும் லெலியின் இன்னொரு ஓவியம். இதை அவசரமாகக் கடக்காதீர்கள். பார்பரா கையில் குழந்தை. உடையின் சிவப்பையும் நீலத்தையும் பாருங்கள். மாதா படங்களுக்கென்றே உரிய நிறங்கள். பெயர் தெரியாமல் பார்த்தால் கும்பிடத் தோன்றும். குழந்தையோ மன்னருக்குப் பிறந்த மகன். ராணிக்குக் கடைசிவரை பிள்ளையே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இதைவிடக் குரூரமாக யாரையும் குத்திக்காட்ட முடியாது என்பேன்.

மன்னரின் இன்னொரு ஆசைநாயகி நெல் க்வின். அவர் படங்களில் இந்தச் சூது கிடையாது. நாடகக் கொட்டகையில் ஆரஞ்சு விற்று, நடிகையாகி, மன்னரைச் சிரிக்க வைத்தவர். சந்தோஷமாகப் பார்த்துவிட்டு நகரலாம்.

அதே உருவப்பட அரங்கில் மன்னரின் பிரெஞ்சு ஆசைநாயகி லூயிஸ் டி கெருவாயின் படம் இருக்கிறது. 1682இல் பியர் மிஞ்ஞார் வரைந்தது. மன்னரை நெருங்க விரும்பிய பிரெஞ்சுத் தூதர்கள் இவர் அறைக்குத்தான் வருவார்கள். இங்கே கையை மட்டும் பார்த்தால் போதாது. அது யார் தோளில் கிடக்கிறது என்றும் பாருங்கள். ஒரு கறுப்பினக் குழந்தை. முத்து நிறைந்த சிப்பியையும் பவளக்கொடியையும் அவருக்கு நீட்டுகிறது. பின்னால் கடல். லூயிஸின் வெள்ளைத் தோலை இன்னும் வெளுப்பாக்கிக் காட்டவே அந்தக் கறுப்பை வைத்திருக்கிறார் ஓவியர். குழந்தையின் கழுத்திலும் ஒரு முத்துமாலை, பட்டி மாதிரி. அந்தக் குழந்தையின் பெயர் இன்றுவரை தெரியாது.