சொற்களின் மானாவமானம்

ஒட்டுசுட்டான் என்னும் ஊர்ப்பெயரை முதன்முதல் கேட்கும் அயலூரார் எதையோ ஒட்டிச் சுட்ட கதையென மயங்குவதுண்டு. அறுவடை முடிந்த வயலிலே எஞ்சி நின்ற ஒட்டுக்குத் தீயிட்டபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென்றும், அதுவே தான்தோன்றீஸ்வரராக எழுந்தருளியிருப்பதென்றும் வழங்கும் ஐதிகத்தைக் கேட்ட பின்னரே அவர்களுக்குப் பெயர் பிடிபடும். ஊர்ப்பெயருக்கே இந்தக் கதி என்றால், மனிதரைச் சுட்டும் சொற்களின் பாட்டைக் கேட்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் சொல்லுக்குப் பொருள் தரும். அதை யார் யாரைப் பார்த்துச் சொன்னால் அடி விழும் என்பதைத் தராது.

ஊருக்கு அண்மையில், கற்சிலைமடுவிலே, 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்த செய்தியைக் கூறும் கல்லொன்றை ஆங்கிலேயர் நாட்டினர். அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியவனைக் கலகக்காரனாகவே கண்ட ஓர் ஆட்சியின் வெற்றிப் பிரகடனம் அது. ஆனால், தோற்றவன் பக்கத்துச் சந்ததியார் ஆண்டுதோறும் மாலை சூட்டி மரியாதை செய்வதும் அவ்விடத்திலேயே. 1982இல் இலங்கை அரசாங்கமும் அவனைத் தேசிய வீரனென அங்கீகரித்தது. கல்லிலே பொறித்த வசனத்தை யாரும் திருத்தவில்லை. வாசிப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவே.

மனிதக் கூட்டங்களின் பெயர்களோ இவ்வளவு சாந்தமாக மாறுவதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய தோட்டத் தொழிலாளரை, ஏனைய தமிழரும் 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று ஏசியது நம் சமூகத்தின் வெட்கக்கேடுகளுள் ஒன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு பிரித்தெழுதிய 'இந்தியத் தமிழர்' என்ற பெயரை ஒதுக்கி, 'மலையகத் தமிழர்' என்பதை அம்மக்கள் தாமே வரித்துக்கொண்டனர். அட்டனிலும் பதுளையிலும் அது சுயமரியாதையின் பெயர். ஆனால், 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளையை, மலையின் முகத்தையே காணாத ஒருவனை, அதே பெயரால் வன்னியிலே சுட்டும்போது, அது கௌரவமா, 'நீ இவ்வூரானல்லன்' என்னும் நினைவூட்டலா என்பது சொல்பவரின் குரலைக் கேட்டாலன்றித் தெரியாது.

இவை எல்லாவற்றிலும் இந்நிலத்தை மிகவும் வருத்திய சொல் 'காணாமல் போனோர்' என்பதே. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் தாபிக்கப்பட்ட அலுவலகம் 'காணாமற்போன ஆட்கள்' என்ற பெயரைத் தாங்கி வந்தது. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலும், மார்ச் 8இல் முல்லைத்தீவிலும் தொடர்போராட்டத்தில் அமர்ந்த உறவினரோ தம்மை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்றனர். திருவிழாவிலே குழந்தை காணாமல் போகும். மேய்ச்சலுக்குச் சென்ற மாடு காணாமல் போகும். யுத்தத்தின் இறுதி நாளில் பெற்றோரின் கண்முன்னே இராணுவத்திடம் கையளிக்கப்பட்ட மகன் எவ்வாறு 'போவான்' என்பது அவர்களின் நியாயம். 'ஆக்கப்பட்டோர்' என்றவுடன் ஆக்கியவர் யார் என்ற வினா எழாமல் இராது. அந்த வினாவுக்காகவே அவர்கள் அச்சொல்லைப் பற்றி நிற்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அச்செயலைக் குற்றமென ஏற்றுக்கொண்டது.

எனினும், அவர்களுள் ஒரு தாய் படலையடியில் அயலாளுடன் பேசும்போது 'என்ர பிள்ளையைக் காணேல்லை' என்றுதான் சொல்லுவாள். அதிலும் செய்தவர் எவரும் இல்லை. ஆனால், கேட்பவளுக்கு முழுக் கதையும் தெரியும். முன்பின் அறியாத எழுத்தர் ஒருவர் விண்ணப்பத்திலே 'காணாமற்போன மகன்' என்று எழுதப் புகுந்தாலோ, 'அப்பிடி எழுதாதேங்கோ தம்பி. அவன் போகேல்லை, கொண்டுபோனவை' என்று தடுத்துவிடுவாள்.

கோப்புகளின் பாஷை பொதுவாக உயிரற்றது. 'புனர்வாழ்வளிக்கப்பட்டவர்' என்று கோப்பு நீட்டி முழக்கும் முன்னாள் போராளியை ஊர் 'தடுப்பால வந்தவர்' என்று முடித்துவிடும். இரண்டில் ஊர்ச்சொல்லே உண்மைக்குக் கிட்டியது என்பது என் அபிப்பிராயம். தமிழ்நாட்டில் 2010இல் 'ஊனமுற்றோர்' என்பதை நீக்கிப் புகுத்திய 'மாற்றுத்திறனாளி' இங்கும் பரவியிருக்கிறது. காலிழந்தவருக்கு ஏறமுடியாத படிகள் கொண்ட கட்டடத்திலும் அப்பெயரைக் காணலாம்.

ஆயினும், 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்னும் கரடுமுரடான உத்தியோகச் சொல்லை நான் பரிகசிக்க மாட்டேன். கணவனை இழந்தவள், கைவிடப்பட்டவள், கணவன் திரும்பிவருவானென்று காத்திருப்பவள் ஆகிய மூவரையும் அது ஒரே பட்டியலில் அடக்கிவிடுவது குறையே. மூவரின் தேவையும் வேறு. ஆனால், மரணச் சான்றிதழை ஏற்க மறுத்து நெற்றியிற் குங்குமத்தோடு பிரதேச செயலகத்துக்கு வருபவளை 'விதவை' என்று பதியும் கொடுமையிலிருந்து அச்சொல் அலுவலரைக் காப்பாற்றுகிறது. அதன் பின்னும் அவருக்கு ஒரு சங்கடம் மிஞ்சும்: கணவரின் தொழிலுக்கான கட்டத்தை நிரப்ப, 'அவர் என்ன வேலை செய்தவர்?' என்று கேட்பதா, 'என்ன வேலை செய்யிறவர்?' என்று கேட்பதா?